போதகர் மாறும்போது சபை செய்யக்கூடாதவை

மெதடிஸ்ட் சபைகளில் போதகரைச் சபை தேர்ந்தெடுப்பதில்லை. திருச்சபை நியமித்து அனுப்புகிறது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இந்த மாற்றல் வந்துகொண்டேதான் இருக்கும். ஆனாலும் செயற்குழுவுக்குப் புதிதாய் வருகிறவர்கள், எங்கள் காலத்தில் சபையைக் கலங்கடித்த அதே காரியங்களைச் செய்கிறார்கள். வரவேற்பு மாலையும் சாப்பாடும் குறையில்லாமல் நடந்துவிடும். அதை விடுங்கள்.

குருமனை

பழைய போதகர் சாமான் ஏற்றிய மறுநாளே, போதகர் குடியிருக்கும் அந்தச் சபை வீட்டின் கூரை ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

துக்க வீட்டுக்குப் பழைய போதகரை அழைப்பது

இதில்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. செம்பனைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு பாட்டி இறந்துபோனார். புதிய போதகர் அப்போதுதான் வந்திருந்தார். மகன், தூரத்துக் கிள்ளான் நகருக்கு மாற்றலாகிப் போன பழைய ஐயாவுக்குப் போன் அடித்தார். அவரும் பாசத்தில் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஜெபம், பிரசங்கம், கல்லறையில் மண் போடுவது எல்லாம் அவரே. புதியவர் கூடாரத்து ஓரத்தில், பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "அவருக்குப் பாட்டியைத் தெரியாதே" என்று செயற்குழுவும் பேசாமல் இருந்துவிட்டது.

தெரியாதுதான். தெரிந்துகொள்ள அந்த வீட்டை விட்டால் வேறு இடம் ஏது? பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளிடம் பாட்டியின் கதையைக் கேட்டு, அடுத்த வாரம் மறுபடி போய் ஜெபிக்கிறவர்தான் "நம்ம ஐயா" ஆகிறார். அந்தக் குடும்பம் அப்புறம் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் கிள்ளானுக்குத்தான் சொல்லியது.

சாவுச் செய்தி வந்ததும் செயலாளர் புதியவரை அழைத்துக்கொண்டு போகட்டும். பழையவர் வரலாம், அழலாம். ஜெபிக்க அவரைக் கூப்பிடுவதா என்பது புதியவர் முடிவு. இதைப் பழையவரே தம் கடைசி ஆராதனையில் சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்கு முதல் வாரமே புதியவரைக் கூட்டிப் போங்கள். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) விடியுமுன் எழுகிற சனம், சாயங்காலமே போய்விடுங்கள்.

அழுகிறவர்களை அதட்டுவது

மோசேக்காக இஸ்ரவேலர் 30 நாள் அழுதார்கள் என்கிறது உபாகமம் 34:8. மோசேக்குப் பின் தலைவரான யோசுவா அங்கேதான் இருந்தார். பழையவருக்காக அழுகிறவர்களை அழ விடுங்கள்.

ஒப்பிட்டுப் பேசுவது

"நான் பவுலைச் சேர்ந்தவன்" என்று ஊழியர் பெயரால் பிரிந்து நின்ற கொரிந்து சபையாரின் பேச்சுக்கு வாட்ஸ்அப் குழுவில் இடம் கொடுக்காதீர்கள்.

பழைய வழக்குகளைக் கொண்டுபோவது

வாலிபர் ஆராதனை தமிழிலா ஆங்கிலத்திலா என்ற சண்டை வருடக்கணக்கில் கிடந்திருக்கும். புதியவர் வந்ததும் இரண்டு தரப்பும் பலகாரத்தோடு தனித்தனியே அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். அவர் யார் பக்கம் தலையாட்டினாலும் சபையில் பாதி போய்விடும். முதல் சில மாதங்கள் அதைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். பொறுக்கவே முடியாதென்றால் திருச்சபையின் மாவட்டக் கண்காணிப்பாளரிடம் (போதகர்களுக்கு மேலே உள்ள மூத்த போதகரிடம்) போங்கள்.