அம்மா அப்பா ஊரில் இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காதா?

வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் வேலை தேட ஆரம்பித்ததுமே இது கண்ணில் படும்: அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கத் தரும் அனுமதி) வேண்டும். எச்1பி வேலை விசாவில் வந்தவர்கள் அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வைத்திருப்பவருக்கும் கிளியரன்ஸ் கிடையாது. அபூர்வமாகக் குறைந்த அளவு அனுமதி தருவதுண்டு, அதை நம்பி உட்கார வேண்டாம். நீங்களாக விண்ணப்பிக்கவும் முடியாது, வேலை கொடுப்பவர்தான் பெயரை அனுப்ப வேண்டும். காசு கொடுத்தால் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள்.

சரி, குடியுரிமை வாங்கியாச்சு. சொந்தமெல்லாம் ஊரில் இருக்கிறதே, தருவார்களா? தருவார்கள். கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவு செய்ய 2017 முதல் நடப்பில் உள்ள 13 விதிகளில் 'பி' என்பது வெளிநாட்டுத் தாக்கம் பற்றியது. அங்கே இருப்பவர்களை வைத்து உங்களை யாராவது மடக்க முடியுமா என்பதுதான் அதில் கேள்வி. அதனால் எந்த நாடு, அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சேலத்தில் ரிட்டயரான வாத்தியார் அப்பாவும், டெல்லியில் பாதுகாப்புத் துறையில் இருக்கும் மச்சானும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள்.

"அம்மாவிடம் எப்போதாவதுதான் பேசுவேன்" என்று எழுதும் புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம். பெற்றோர், உடன்பிறந்தோருடனான உறவைச் சும்மா பழக்கம் என்று அவர்கள் லேசில் ஒத்துக்கொள்வதில்லை. தினமும் வாட்ஸப்பில் பேசுகிறீர்களா, அப்படியே எழுதுங்கள். உங்களுக்குக் கைகொடுப்பது இந்தப் பக்கத்து வாழ்க்கைதான்: இங்கே எத்தனை வருஷம், வீடு எங்கே, பிள்ளைகள் எங்கே, சேமிப்பு எங்கே. ஊரில் கிடக்கும் ஒரு மனை, இங்குள்ள சொத்துக்கு முன்னால் சின்னதாக இருந்தால் பெரிய தலைவலி இல்லை.

உண்மையான பாடு, கிளியரன்ஸுக்காக நிரப்பும் எஸ்எஃப்-86 என்ற பாரத்தில்தான். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், மாமனார், மாமியார் ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி, ஊர், முகவரி, வேலை என்று 18ஆவது பகுதி நீளும். நம் வீடுகளில் அம்மாவுக்குச் சான்றிதழில் ஒரு பிறந்தநாள், நிஜத்தில் இன்னொன்று. அப்பாவின் இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. தாய்மாமன் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் கடந்த 7 வருஷத்தில் நெருக்கமாக இருந்திருந்தால் 19இல் வந்துவிடுவார் (வராமல் விடுவாரா!). ஊருக்குப் போய்வந்த தேதிகள், அங்குள்ள வங்கிக் கணக்கு, நிலம் எல்லாம் 20இல். எனக்குத் தெரிந்த ஒருவர் பெயரையும் சேர்த்து அவர் அப்பா டெபாசிட் போட்டிருந்தது, விசாரணை அதிகாரி வருவதற்கு முந்தின வாரம்தான் அவருக்கே தெரிந்தது. தானே முந்திக்கொண்டு சொன்னார், பிரச்சினை வரவில்லை. தெரிந்தே மறைத்திருந்தால் அது குற்றம், 5 வருஷம் வரை சிறை. அதனால் வந்த முதல் மாதமே ஒரு நோட்டுப் போட்டு இதையெல்லாம் குறிக்க ஆரம்பியுங்கள்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று. விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது. இயக்கத்துக்குப் பணம் கொடுத்திருந்தால், பாரத்தைத் தொடுமுன் இந்த வகை வழக்குப் பார்க்கும் வக்கீலிடம் போங்கள். இரட்டைக் குடியுரிமை இருந்தால் அதையும் சொல்லுங்கள், அது மட்டுமே மறுக்கக் காரணமாகாது.

அப்புறம், சந்தேகம் வந்தால் காரணங்களை எழுதி அனுப்புவார்கள், பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவன ஊழியர் என்றால் பதில் தர 20 நாள். இப்படிப் போன பழைய வழக்குகளின் தீர்ப்புகளைப் பெயர் நீக்கிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தியா என்று போட்டுத் தேடிப் படியுங்கள், உங்கள் மாமனார் கதை மாதிரியே ஒன்று அதில் அகப்படலாம்.