மொத்த நிறை சரி, பின்னச்சு தப்பு: சொந்த லொறியில் பாரம் ஏற்றும் முறை

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் சீனி ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோவது என் தொழில். லொறியும் என்னுடையது, ஓட்டுவதும் நான். பாரம் கூடிப் பொலிஸாரிடம் மாட்டினால் "முதலாளி ஏற்றச் சொன்னார்" என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. அண்மையில் லொறி வாங்கிய இருவர், எவ்வளவு, எப்படி ஏற்றுவது என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

1. வெறும் நிறையை நீங்களே அறியுங்கள்

பதிவுப் புத்தகத்தின்படி என் லொறியின் வெறும் நிறை 3,100 கிலோ, பாரத்தோடு இருக்கக்கூடிய மொத்த நிறை 7,200. கழித்தால் 4,100, அதாவது 50 கிலோ மூட்டை 82. முதல் ஆண்டு முழுவதும் இப்படித்தான் ஏற்றினேன். பிறகு தாங்கி நிறைய டீசல், நான், கிளீனர், படங்கு, கயிறு, உயர்த்திக் கட்டிய பக்கப் பலகை எல்லாவற்றோடும் பெலியகொடைப் பக்கத்தில், லொறியை அப்படியே நிறுக்கும் ஓர் எடைப் பாலத்தில் ஏறினேன். 3,460! மிஞ்சுவது 3,740 கிலோ, 74 மூட்டை. எட்டு மூட்டையை ஓராண்டாகச் சட்டத்துக்கு வெளியே சுமந்திருக்கிறேன்.

2. அச்சுக்கு அச்சு நிறுங்கள்

என்னை விழுத்தியது இந்த இடம்தான். ஒரு முறை 60 மூட்டைதான் இருந்தது. கண்டியில் இறக்குவது சுலபம் என்று எல்லாவற்றையும் பின்கதவுப் பக்கமாக அடுக்கச் சொன்னேன். மாவனெல்லை தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஸ்டியரிங் பஞ்சு போல இலேசாகிவிட்டது. வளைவில் திருப்பினால் லொறி சற்றுத் தாமதித்துத்தான் கேட்டது. கிளீனர் தம்பி வாயே திறக்கவில்லை. அவன் பேசாமல் வந்த ஒரே பயணம் அது.

அடுத்த கிழமை அதே போல அடுக்கி நிறுத்துப் பார்த்தேன். மொத்தம் 6,460, எல்லைக்கு 740 கிலோ கீழே. ஆனால் முன் சில்லுகளை மட்டும் பாலத்தில் ஏற்றினால் 1,547தான். அப்படியானால் பின்னச்சில் 4,913. கதவோரத் தகட்டில் பின்னச்சுக்கு எழுதியிருக்கும் எல்லை 4,800.

கிணற்றுத் துலா மிதித்தவருக்கு விளக்கம் தேவையில்லை. பின்னச்சுதான் ஆடுகால், அதாவது துலாவைத் தாங்கும் கால்; அதற்குப் பின்னால் வைக்கும் பாரம் தன் நிறையை அச்சில் இறக்குவதோடு நில்லாமல், முன் சில்லையும் தூக்கிவிடும். ஆகவே பெட்டியின் தரையில் பின்னச்சுக்கு நேரே சோக்கால் ஒரு கோடு போடுங்கள். அடுக்கின் நடுப்பகுதி எப்போதும் அந்தக் கோட்டுக்கு முன்னே இருக்கட்டும். பாரம் குறைவாக இருந்தால் மூட்டைகளைத் தாழ்வாகப் பரப்புங்கள், பின்னால் குவிக்காதீர்கள்.

3. ஸ்பிரிங் அளவு

தினமும் எடைப் பாலத்துக்குப் போக முடியாது. வெறும் லொறியிலும், சரியாக நிறுத்து ஏற்றிய லொறியிலும், பின்னச்சுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறை இடைவெளி அதைவிடக் குறைந்தால் பாரம் கூடிவிட்டது. இதற்குக் கைபேசிச் செயலி வைத்திருப்பவர்கள் உண்டு. எனக்கு அளவுநாடாவும் பென்சிலும் போதும். மழையில் நனைந்தாலும் வேலை செய்யும்.

4. எண்ணிக்கையை முதலே பேசுங்கள்

மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் ஏற்றத் தொடங்கியபின் நிறுத்துவது கடினம். கடைக்கார நானா அன்பாகவே சொல்வார்: "தம்பி, ஐந்து மூட்டைதானே, இருக்கட்டும்." ஐந்து மூட்டை 250 கிலோ. நான் எடைப் பாலச் சீட்டை எடுத்துக் காட்டுவேன். பெரும்பாலும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், அச்சுகளைத் தனித்தனியே நிறுத்தால் கூட்டுத்தொகை மொத்த நிறையோடு பொருந்தவில்லை என்று எழுதினார். பாலத்தின் மட்டமும் வெளித் தரையின் மட்டமும் ஒன்றாக இல்லாவிட்டால் அப்படி வரும். பிரேக்கைப் பிடித்தபடி எடை பார்த்தாலும் வரும். சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டுப் பிரேக்கை விடுங்கள்.

மணல் ஏற்றும் இன்னொருவர் கியூப் கணக்கு போதாதா என்றார். போதாது. ஒரு கியூப் 100 கன அடி. காய்ந்த மணலென்றால் ஏறத்தாழ நாலரை டன். நனைந்த மணல் ஐந்து டன்னையும் தாண்டும். பில்லில் இரண்டுக்கும் ஒரு கியூப் என்றுதான் எழுதுவார்கள்.