பொருளாதாரத்தின் போக்குப் பற்றி ஊராரிடம் கேட்பது எப்படி?

"நாடு சரியான திசையில் போகிறதா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டால், யாழ்ப்பாணத்தில் பலர் தாம் வாக்களித்த கட்சியை வைத்தே பதில் சொல்வார்கள், ஆகவே முதலில் வீட்டுச் செலவையும் வருமானத்தையும் கேட்டுவிட்டு, நாட்டைப் பற்றிப் பிறகு கேளுங்கள்.

விலைவாசிக் கேள்வியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்த பணவீக்கம் பின்னர் வெகுவாகத் தணிந்தது; ஆனால் பணவீக்கம் தணிந்தால் விலை ஏறும் வேகம் குறையுமே தவிர, ஏறிய விலை இறங்கிவிடாது. 2022 ஓகஸ்டில் படகு இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானதை மறவாத குருநகர்க் கடற்றொழிலாளி "ஒன்றும் குறையவில்லை" என்றால், அவரைத் திருத்த முற்படாமல் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். "விலை இப்போதும் ஏறுகிறதா?", "இன்றைய விலை உங்களுக்குக் கட்டுபடியாகிறதா?" என இரண்டாகப் பிரித்துக் கேட்பதே நியாயம்.

வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீடுகளைத் தனியே குறியுங்கள். ரூபாயின் பெறுமதி விழும்போது அவர்கள் கைக்குக் கூடுதல் ரூபாய் வருவதால், நாட்கூலி பெறுபவரின் பதிலோடு அவர்களுடையதைக் கலந்தால் இரண்டுமே மறைந்துபோகும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் காலையில் மட்டும் நின்றுவிடாமல், மாலையில் தோட்டக் கிராமங்களுக்கும் செல்லுங்கள்.