அகலமான பாதத்துக்கு சேஃப்டி ஷூ வாங்குவது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளைப் பிரிப்பதும் புதுப்பிப்பதும் என் தொழில். ஒரு மச்சைப் பிரித்தால் பர்மா தேக்கு உத்தரம் மட்டுமா வரும், கூடவே துருப்பிடித்த ஆணியும் உடைந்த பெல்ஜியம் கண்ணாடியும் சேர்ந்தே விழும். அதனால் சேஃப்டி ஷூ இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. ஆனால் போட்ட கொஞ்ச நேரத்திலேயே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்பவர்கள் நிறையப் பேர். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், சுண்டுவிரல் நசுங்குகிறது. சின்ன வயதில் செருப்பில்லாமல் ஓடியாடி வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் விரிந்துதான் இருக்கும், அதில் ஒரு குறையும் இல்லை.

கடையில் போய் நின்றால் உடனே கிடைக்கும் பதில், "ஒரு நம்பர் கூட்டிப் போடுங்கண்ணே, சரியாயிடும்." சரியாகாது. யூகே அளவில் ஒரு நம்பர் கூட்டினால் நீளம் சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும், அகலமோ ஏறக்குறைய அதில் கால்வாசிதான். முன்னால் காலி இடம், பின்னால் குதிகால் வழுக்கல், சுண்டுவிரல் மட்டும் அப்படியே நசுங்கும். ஏணியில் ஏறும்போது குதிகால் கழன்றால் அது பெரிய ஆபத்து.

முதலில் அளவு. சாயங்காலம், வேலை முடிந்த பிறகு எடுங்கள். வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு காகிதத்தின் மேல் நிமிர்ந்து நில்லுங்கள், வேறொருவர் பென்சிலைச் சாய்க்காமல் பிடித்துச் சுற்றிக் கோடு போடட்டும். நீங்களே குனிந்து வரைந்தால் உடல் எடை இடம் மாறி அளவு பிசகும். நீளத்தோடு, பெருவிரல் எலும்பும் சுண்டுவிரல் எலும்பும் புடைத்திருக்கும் இடத்தில் குறுக்களவும், அதே இடத்தில் தையல் டேப் வைத்துச் சுற்றளவும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலும் ஒன்றாக இருக்காது, பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்தவர்கள் வீக்கம் வடியும்வரை பொறுத்து அளவெடுங்கள். அந்தக் காலை வைத்து வாங்கினால் மாசியில் தொளதொளவென்று ஆடும்.

அடுத்து முத்திரை. ஐஎஸ்ஐ குறியோடு ஐ.எஸ். 15298 என்று இருக்க வேண்டும். அதிலும் பகுதி 2 என்றிருந்தால்தான் விரலுக்கு மேலிருக்கும் மூடி 200 ஜூல் அடியைத் தாங்கும், அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. பகுதி 3 என்றால் அதில் பாதி, பகுதி 4 என்றால் மூடியே கட்டாயமில்லை. கல் தூணும் உத்தரமும் இறக்கும் வேலைக்குப் பகுதி 2க்குக் குறைந்து வாங்காதீர்கள். கூடவே 'எஸ்1பி' அல்லது 'எஸ்3' இருக்கிறதா பாருங்கள், அடியில் ஆணி ஏறாத தகடு உண்டு என்று பொருள். இரும்புத் தகடு விறைப்பாக இருக்கும், துணியில் செய்தது வளைந்து கொடுக்கும், ஆனால் மெல்லிய ஆணி துணியில் சுலபமாக இறங்கும். பழைய வீட்டு வேலைக்கு என் ஓட்டு இரும்புக்கு.

இனிமேல்தான் முக்கியமான இடம். எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்ததும் இதுதான். ஷூவை வெளியிலிருந்து பார்த்து அகலத்தை முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் விரலுக்குக் கிடைக்கும் இடத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மூடி. தோல் நாளாக நாளாக விரியும், இரும்பு விரியாது. "போடப் போட இளகிடும்" என்பது பாதத்தின் நடுப்பகுதிக்குத்தான் பொருந்தும். இரும்புக்குப் பதில் இழையும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்த காம்போசிட் மூடி எடை குறைவு, வெயிலில் அவ்வளவாகச் சூடாகாது, ஆனால் அதே பலத்துக்குச் சுவர் தடிமனாக வைக்க வேண்டியிருப்பதால் உள்ளே இடம் கூடுதலாக இருக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

கடையில் இன்சோலை, அதாவது ஷூவுக்குள் பாதத்தின் அடியில் கிடக்கும் மெத்தையை, வெளியே எடுத்து அதன் மேல் நில்லுங்கள். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஜோடியை அங்கேயே வைத்துவிடலாம். சரியாக இருந்தால் கையை உள்ளே விட்டு மூடி முடியும் விளிம்பைத் தடவிப் பாருங்கள், அது கூராக இல்லாமல் மெத்தையிட்டு மூடியிருக்க வேண்டும். அப்புறம் இரண்டு ஷூவையும் போட்டு லேஸ் கட்டி, குந்தி உட்காருங்கள். எழுந்து மறுபடி குந்துங்கள். ஆத்தங்குடிக் கல் பதிப்பவர் நாள் முழுக்கக் குந்தியேதான் இருப்பார். அப்போது ஷூ மடிவது விரல் கணுவில். மூடியின் விளிம்பு அங்கே இடித்தால் ஒரே வாரத்தில் புண். நின்று பார்த்தால் சுகமாக இருக்கும் ஷூகூடக் குந்தும்போது கடிக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை, பார்க்கட்டும். ஒரு நம்பர் கூட்டியவர்களுக்கும் இதே கதைதான். மடிப்பு விழும் இடம் விரல் கணுவை விட்டு விலகி மூடி மேலே குத்தும்.

பாட்டா இண்டஸ்ட்ரியல்ஸ், லிபர்ட்டி வாரியர், ஆலன் கூப்பர், ஹில்சன் என்று சந்தையில் பல உண்டு. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே முன்பகுதி வடிவம் மாறும் என்பதால் பெயரைவிட வடிவத்தைப் பாருங்கள். முனை கூராகாமல் உருண்டும், லேஸ் பட்டைகள் இரண்டும் புத்தகம் போல நன்றாகத் திறந்தும் இருப்பதைத்தான் நான் எடுப்பேன். சோலில் இரட்டை அடர்த்தி பி.யூ., அதாவது மேலே மென்மையும் கீழே உறுதியுமாக இரண்டு அடுக்குப் பாலியூரித்தேன், காலுக்கு இதம். வெல்டிங் ஆட்களுக்கு நைட்ரைல் ரப்பர், கொஞ்சம் கனம் என்றாலும் சூட்டைத் தாங்கும். பி.யூ. சோல் போடாமல் பெட்டியிலேயே கிடந்தாலும் ஈரக்காற்றில் சில வருடத்தில் பொடிந்து உதிரும். ஆகவே தள்ளுபடி ஜோடி என்றால் உள்ளே அச்சடித்த தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

லேஸில் ஒரு சின்ன வழி இருக்கிறது. விரலுக்கு மிக அருகில் உள்ள ஜோடி ஓட்டையில் கோர்க்காமல் விட்டு, அதற்கு மேலிருந்து ஆரம்பியுங்கள், முன்பாதத்துக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். கணுக்காலிடம் மட்டும் இறுக்கிக் கட்டுங்கள். மூடிக்குப் பின்னால் உள்ள தோல் பிடித்தால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் கட்டை போட்டு விரித்துத் தருவார். மூடியைத் தட்டவோ சூடு காட்டவோ யாரையும் விடாதீர்கள்.

சுண்ணாம்பு வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், ஈரச் சுண்ணாம்பு தோலை வறட்டி வெடிக்க வைக்கும். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். நம்மூர் வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் பசை விட்டுப்போகும். மூடி மேல் பலமான அடி விழுந்துவிட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த ஜோடிக்கு வேலை முடிந்தது.

பின்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், வீட்டுக்காரர்கள் முகப்பிலேயே ஷூவைக் கழற்றச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, சோலில் ஒட்டிய மணல் ஆத்தங்குடிக் கல்லைக் கீறிவிடும். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் வெறுங்கால் கூடவே கூடாது. நடக்கும் பாதை முழுக்கச் சாக்கு விரித்து, மேலே பிளைவுட் பலகை போட்டுக்கொள்ள முதல் நாளே பேசிவிடுங்கள். அடிக்கடி கழற்ற வேண்டிய இடமென்றால் பக்கத்தில் ஜிப் வைத்த லேஸ் ஷூ வாங்கலாம். லேஸே இல்லாமல் எலாஸ்டிக் வைத்தது அகலக் காலின் மேற்புறத்தை அழுத்தும், தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, சர்க்கரை உள்ளவர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஷூ கடிப்பதே தெரியாது. புது ஷூ போட்ட நாட்களில் தினமும் வேலை விட்டதும் சாக்ஸைக் கழற்றி விரல் இடுக்கு, சுண்டுவிரல் ஓரம், குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருந்தால் அடுத்த நாள் அந்த ஜோடி வேண்டாம், புண் வந்திருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.