சேர்ந்து தங்கும் வாடகை வீடு: இன்சூரன்ஸ் யார் பெயரில்?

அமெரிக்காவில் அபார்ட்மென்ட் லீஸில் கையெழுத்துப் போடும் அன்றுதான் பலருக்கும் ரென்டர்ஸ் இன்சூரன்ஸ், அதாவது வாடகைக்கு இருப்பவர் எடுக்கும் இன்சூரன்ஸ் என்ற பேச்சே காதில் விழும். ஓனர் எடுத்திருக்கும் இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு மட்டும். மேல்வீட்டுக் குழாய் உடைந்து உங்கள் மெத்தையும் லேப்டாப்பும் நனைந்தால் அதிலிருந்து ஒரு சல்லிக்காசு வராது. ரென்டர்ஸ் பாலிசிக்கு மாதம் சுமார் 15 முதல் 20 டாலர் ஆகும். உங்கள் பொருட்கள், உங்களால் பிறருக்கு வரும் சேதம், வீட்டில் குடியிருக்க முடியாமல் போனால் ஹோட்டல் செலவு ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவதைத்தான் லயபிலிட்டி என்பார்கள். அபார்ட்மென்ட்கள் பெரும்பாலும் 1 லட்சம் டாலருக்குக் கேட்கும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு வீட்டுக்கு அல்ல, ஆளுக்கு. பாலிசியில் பெயர் உள்ளவர், அவருடைய கணவன் அல்லது மனைவி, கூடவே வசிக்கும் உறவினர்கள், பொதுவாக அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு பாலிசியே போதும். ரூம்மேட் மூன்று வருடம் அதே அடுப்பில் சாம்பார் வைத்தாலும் அதில் வரமாட்டார். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் ஜோடிக்கும் இதே கதிதான். நிச்சயதார்த்த மோதிரம் கணக்கில் வராது. லீஸில் இருவர் பெயரும் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அது வேறு காகிதம்.

ரூம்மேட்கள் என்றால் தனித்தனியாக எடுப்பதே நல்லது. சில கம்பெனிகள் ஒரே பாலிசியில் இருவரைச் சேர்க்கும், மாதம் சில டாலர் மிச்சமாகும். ஆனால் தொகையின் உச்சவரம்பு இருவருக்கும் பொது. செக் இருவர் பெயரிலும் வரலாம். அவர் போட்ட க்ளெய்ம் உங்கள் பெயரிலும் ஏறி 7 வருடம் வரை நிற்கலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நீங்கள் வடை சுட வைத்த எண்ணெய் தீப்பிடித்து ரூம்மேட்டின் பொருள் எரிந்தால், இருவரும் ஒரே பாலிசியில் இருக்கும்வரை உங்கள் லயபிலிட்டி அவருக்குப் பணம் தராது. தனித்தனியாக இருந்தால் அவர் உங்கள் பாலிசியில் கேட்க வழி உண்டு. எரிந்த கிச்சன் கேபினெட்டுக்கோ, கூட்டு லீஸ் என்றால் ஓனர் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். அதனால் ரூம்மேட்டிடமும் பாலிசி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜோடிகளுக்கு ஒரே பாலிசி சரிப்படும், இருவரும் நேம்ட் இன்சூர்ட், அதாவது பாலிசிதாரராகப் பெயர் உள்ளவர்களாக இருந்தால். தவறு நடப்பது இங்கேதான்: ஆன்லைனில் இரண்டாவது பெயரை அடிஷனல் இன்ட்ரஸ்ட் என்ற கட்டத்தில் போட்டுவிடுவார்கள். அது ஓனருக்கான கட்டம். பாலிசி ரத்தானால் தகவல் போகும், பணம் வராது. பாலிசியின் சுருக்கப் பக்கமான டிக்ளரேஷன்ஸ் பேஜ் வந்ததும் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிரிந்து ஒருவர் வெளியேறினால், அன்றைக்கே புது முகவரியில் அவர் தனிப் பாலிசி எடுக்க வேண்டும்.

நம்மவர்கள் கோட்டை விடுவது நகையில். பல பாலிசிகளில் திருட்டுப் போன நகைகள் அத்தனைக்கும் சேர்த்து 1,500 டாலர்தான் வரம்பு. இரண்டு பவுன் சங்கிலிக்கே காணாது. ரொக்கத்துக்குப் பெரும்பாலும் 200. தாலி, வளையல் எல்லாம் இங்கே இருந்தால் நகைக்கடையில் மதிப்பீட்டுச் சான்று வாங்கி, பாலிசியில் தனியாகப் பட்டியலிடச் சொல்லுங்கள்.

அபார்ட்மென்ட் ஆபீஸ் மாதாமாதம் வாடகையோடு பிடிக்கும் இன்சூரன்ஸ் பல இடங்களில் வெறும் லயபிலிட்டி மட்டும், உங்கள் பொருளுக்கு எதுவும் இல்லை. பாலிசி எடுக்கும்போது ரிப்ளேஸ்மென்ட் காஸ்ட், அதாவது புதிதாக வாங்கும் விலை என்றே கேளுங்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடப் பழைய டிவிக்குத் தேய்மானம் போக மிஞ்சியதுதான் கிடைக்கும், அதிலும் டிடக்டிபிள் என்று நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, பெரும்பாலும் 500 டாலர், கழியும். வெள்ளம், நிலநடுக்கம் இரண்டும் இதில் கிடையாது.

குடியேறிய வாரமே ஒவ்வொரு அறையையும் அலமாரியைத் திறந்து வீடியோ எடுங்கள், சீரியல் நம்பர் தெரியும்படி. அதை அந்த லேப்டாப்பிலேயே வைக்காதீர்கள்.