ஓடைக் கல்லைப் புரட்டித் தண்ணீரின் நிலையை அறிவது எப்படி?

காலையில் ஒரு பாட்டிலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தால், அந்த நேரத்தில் ஓடிய தண்ணீரில் என்ன இருந்தது என்றுதான் தெரியும். முந்தின நாள் ராத்திரி யாரோ திறந்துவிட்ட கழிவு கடந்து போயிருந்தால் அகப்படாது. கல்லுக்கு அடியில் கிடக்கும் பூச்சிகளோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே இருந்து, ஓடிவருவதையெல்லாம் தாங்குகின்றன, தாங்க முடியாதவை சாகின்றன. எது இருக்கிறது, எதைக் காணோம் என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

தென்காசி, தேனி, கோவைப் பக்கத்து மலையடிவார ஓடைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சமவெளிக் கண்மாய்க்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே தேங்கிய நீர், சேற்றுத் தரை, வாழும் உயிர்களும் வேறு.

முதலில் இடம். ஒரே ஓடையில் இரண்டு இடம் வேண்டும்: ஊருக்கு மேலே ஒன்று, சாக்கடை கலந்த பிறகு கீழே ஒன்று. இரண்டும் கல்லில் மோதிச் சலசலத்து ஓடும் இடமாக, ஏறக்குறைய ஒரே ஆழமும் நிழலுமாக இருக்கட்டும். மேலே கல், கீழே மணல் என்று எடுத்தால் நீங்கள் பார்க்கும் வித்தியாசம் தரையால் வந்ததா கழிவால் வந்ததா என்று சொல்லவே முடியாது. என்னைக் கேட்டால், மொத்த வேலையில் இதுதான் முக்கியம்.

வெள்ளத்துக்குப் பிறகு உடனே போகாதீர்கள், பூச்சிகள் அடித்துக்கொண்டு போயிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வாங்கியாக வேண்டும். காலில் புண் இருந்தால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் தண்ணீர் வழியாகவும் வரும்.

அரை மில்லிமீட்டர் கண் உள்ள வலை, வெள்ளைத் தட்டு, பெயிண்ட் பிரஷ், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். வலையின் வாய் ஓட்டத்தைப் பார்த்து இருக்க, அதற்கு மேல்புறம் நின்று காலால் கற்களைக் கிளறுங்கள். கிளம்புவதெல்லாம் வலைக்குள் வந்துவிடும். இரண்டு இடத்திலும் மூன்று நிமிடம், கடிகாரம் பார்த்து. ஓரிடத்திலேயே பல தடவை எடுப்பதானால் கீழிருந்து மேலாகப் போங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கிளறிவிட்டதையே திரும்பப் பிடிப்பீர்கள். பெரிய கற்களைக் கையால் எடுத்து அடிப்பக்கம் பார்த்துவிட்டு, இருந்தபடியே திருப்பி வையுங்கள், அது ஒரு குடித்தனம்.

வலையைத் தட்டில் கொட்டிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அசையாமல் காத்திருங்கள். முதலில் சருகும் மணலும்தான் தெரியும், அப்புறம் ஒவ்வொன்றாக நகர ஆரம்பிக்கும். வால் போல மூன்று இழை (சிலவற்றுக்கு இரண்டு), வயிற்றின் இருபுறமும் விசிறி விசிறியாகச் செவுள் இருந்தால் மேஃப்ளை என்ற, வளர்ந்ததும் பறந்துபோகும் பூச்சியின் இளம்பூச்சி. வால் இழை இரண்டு, காலின் நுனியில் இரண்டு நகம், செவுள் கால் இடுக்கில் என்றால் ஸ்டோன்ஃப்ளை. மேஃப்ளைக்கு ஒரு நகம்தான், லென்ஸில் அதைப் பாருங்கள், குழப்பம் தீரும். மணல்துகளும் குச்சியும் ஒட்டிய சின்னக் குழல் ஒன்று தானாக நடந்தால் உள்ளே கேடிஸ்ஃப்ளைப் புழு. இவை மூன்றும் பொதுவாக ஆக்சிஜன் நிறைந்த நீரை விரும்புபவை. ரத்தச் சிவப்பில் நெளியும் கைரோனோமிட் (கொசு போன்ற ஒரு சிறு பூச்சி) புழுவின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும். நாலைந்து கிடந்தால் பயப்பட ஒன்றுமில்லை, தட்டு முழுக்க அது மட்டும்தான் என்றால் சாக்கடையைத் தேடுங்கள்.

பிரிட்டனில் 1970களில் பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டும் பிஎம்டபிள்யூபி என்ற முறையை உருவாக்கினார்கள். அந்த மதிப்பெண்ணை இங்கே அப்படியே போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது குளிர்ந்த நாட்டு நீருக்குக் கணித்தது. தென்னிந்தியாவில் ஸ்டோன்ஃப்ளை என்றால் பெரும்பாலும் பெர்லிடே குடும்பம் ஒன்றுதான், அதனால் சுத்தமான ஓடைகூடக் குறைந்த மதிப்பெண் வாங்கக்கூடும். அதற்குப் பதில் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை என்ற அந்த மூன்று கூட்டத்திலும் எத்தனை விதம் மேலே, எத்தனை விதம் கீழே என்று எண்ணுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உருவத்தை வைத்துப் பிரித்து, படம் எடுத்து, உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போட்டால் தெரிந்தவர்கள் உதவுவார்கள். எடுத்த இடத்திலேயே உயிரோடு விட்டுவிடுங்கள்.

குறிப்பில் தேதி, நேரம், நீரின் வெப்பம், கடைசியாக மழை பெய்த நாள் எல்லாம் இருக்கட்டும். தேடியும் கிடைக்காததை "இல்லை" என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் பார்க்கவே இல்லை என்று பொருளாகிவிடும்.

ஒரு தடவை எடுத்ததை வைத்து யாரையும் குற்றம் சொல்லக் கிளம்பாதீர்கள். அடுத்த மாதமும் அதே இடங்களில் எடுங்கள். வித்தியாசம் அப்படியே நின்றால் ஆய்வகத்தில் தண்ணீரையும் சோதித்து, இரண்டு முடிவையும் ஒரே தாளில் எழுதி மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.