ஹாட்ஸ்பாட் வேகம்: பேண்டை மாற்றியதும் சரியானது

போனில் வீடியோ தடையில்லாமல் ஓடியது. அதே போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்த லேப்டாப்போ ஒரு பக்கம் திறக்கவே திணறியது. அப்படியென்றால் சிக்னலில் குறையில்லை, இடையிலுள்ள வைஃபையில்தான் கோளாறு என்று பட்டது. சந்தேகம் தீர யூஎஸ்பி கேபிள் வழியாக டெதரிங் (போனின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுப்பது) செய்து பார்த்தேன். உடனே வேகம் வந்துவிட்டது.

அப்புறம் ஹாட்ஸ்பாட் அமைப்பைத் திறந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் (வைஃபை இயங்கும் அலைவரிசை) இருந்தது. ப்ளூடூத் மவுஸ், ஹெட்போன், அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் முண்டியடிக்கும் இடம் அது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. இதற்குச் சுவரைத் தாண்டும் திறன் குறைவு; அதனால் போனை லேப்டாப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். பழைய லேப்டாப்கள் சிலவற்றில் இந்த பேண்ட் வேலை செய்யாது. அவற்றுக்குக் கேபிள்தான் நல்லது, போனுக்குச் சார்ஜும் ஏறும்.